பற்றும் பகையும்

எதையேனும் ஒன்றைத் தன்னுடையது என்று பற்றிக்கொள்ளாமல் மனிதன் வாழ இயலாது. பிறந்த ஊர், பேசும் மொழி, பயின்ற பள்ளி, கூடி விளையாடிய திடல் ஆகியவற்றின் மீது அவன் கொள்ளும் பற்றே அவனைத் தனியனாக விடாமல் ஒரு கூட்டத்தின் உறுப்பினன் ஆக்குகிறது. உலகத்தார் அனைவரையும் ஒருசேர நேசிப்பதாகச் சொல்பவனும், நேசம் என்பது இன்னதென்று ஒரு தெருவிலோ ஒரு வீட்டிலோதான் முதலில் கற்றிருப்பான். ஆதலின் பற்று மனிதனுக்கு அழகு தரும் பண்பு என்பதில் ஐயமில்லை.

ஆயினும், ‘நம்முடையது’ என்னும் சொல் பிறக்கும்போதே ‘அவர்களுடையது’ என்னும் சொல்லும் உடன்பிறந்துவிடுகிறது. வட்டம் ஒன்றை வரைந்தால் அதற்கு உள்ளும் உண்டு, புறமும் உண்டு. உள்ளே இருப்பதை நேசிக்கும் மனம், புறத்தே இருப்பதை என் செய்வது? அதைக் கண்டும் காணாதிருக்கலாம், மதிக்கலாம், வெறுக்கவும் செய்யலாம். மூன்றாவது வழியே மிக எளிதாக இருக்கிறது என்பதை மனித வரலாறு மீண்டும் மீண்டும் காட்டியுள்ளது. எனவே ஒரு வினா எழுகிறது. தன்னுடையதை நேசிப்பதற்குப் பிறருடையதை வெறுத்தல் இன்றியமையாததா? பகையின்றிப் பற்று நிலைக்குமா?

இவ்வினாவைப் பேரரசுகளையும் பெரும் போர்களையும் கொண்டு ஆராய்வோர் பலர். ஆனால், விளையாட்டு போன்ற சிறிய களத்தில் இதன் இயல்பு இன்னும் தெளிவாகப் புலப்படும். அங்கே நிலமோ, நீரோ, உணவோ பங்கிடப்படுவதில்லை. ஒரு பந்தும் இரண்டு கோல் கம்பங்களும் மட்டுமே உள்ளன. அங்கும் பகை வேர்கொள்ளுமாயின், அப்பகை தேவையினால் வந்ததன்று, மனத்தினால் வந்தது. போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஓர் ஊரும் இரு கழகங்களும்

கிராக்கோவ் பழம்பெருமை மிக்க நகரம். வார்சாவுக்கு முன்னர் போலந்து மன்னர்களின் தலைநகராக விளங்கியது. 1364ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அதன் பல்கலைக்கழகத்திலேதான் வானியல் அறிஞர் கோப்பர்னிக்கஸ் பயின்றார். அந்நகரின் நடுவே பிலோனியா என்னும் பரந்த புல்வெளி ஒன்று உண்டு. ஏறத்தாழ 48 ஹெக்டர் பரப்புடையது. அப்புல்வெளியின் இரு மருங்கிலும் இரு காற்பந்துக் கழகங்களின் அரங்குகள் நிற்கின்றன. ஒன்று கிராக்கோவியாவின் அரங்கு. மற்றொன்று விஸ்லாவின் அரங்கு. ஓர் அரங்கிலிருந்து மற்றோர் அரங்கிற்கு நடந்தே சென்றுவிடலாம்.

இரு கழகங்களும் ஒரே ஆண்டில், 1906இல், தோன்றியவை. அக்காலத்தில் போலந்து என்னும் நாடே உலகப் படத்தில் இல்லை. அந்நிலத்தை மூன்று பேரரசுகள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. கிராக்கோவ் ஆஸ்திரியர் ஆட்சியில் இருந்தது. நாடில்லாத மக்களுக்கு ஒரு கழகம் என்பது வெறும் விளையாட்டுக் கூட்டமன்று. தம் பெயரைத் தாமே சொல்லிக்கொள்வதற்குக் கிடைத்த ஓர் இடம். ஒரு கழகம் நகரத்தின் இலத்தீன் பெயரைத் தன் பெயராகக் கொண்டது. மற்றொன்று அந்நகரின் ஊடே ஓடும் விஸ்துலா ஆற்றுக்குப் போலந்து மக்கள் வழங்கும் பெயரைச் சூடிக்கொண்டது. நகரமும் ஆறும் ஒன்றையொன்று பிரிந்தவை அல்ல. அவற்றின் பெயர் தாங்கிய கழகங்களோ காலப்போக்கில் எதிரெதிர் அணிகளாயின.

1918இல் போலந்து விடுதலை பெற்றது. 1921இல் நாட்டின் முதல் வெற்றிவீரர் பட்டத்தைக் கிராக்கோவியா வென்றது. 1927இல் தேசிய இலீக் போட்டிகள் தொடங்கியபோது, முதல் ஆண்டின் பட்டம் விஸ்லாவைச் சேர்ந்தது. அவ்வாண்டில் விஸ்லாவின் ஹென்ரிக் ரெய்மன் 37 கோல்களைப் போட்டார். கிராக்கோவியாவின் பெருமை யூசெப் கலூஷா; விஸ்லாவின் பெருமை ரெய்மன். இருவருமே போலந்துத் தேசியக் குழுவுக்காக ஒரே நிறச் சட்டை அணிந்து ஆடியவர்கள். கலூஷாவின் பெயர் இன்று கிராக்கோவியா அரங்கை ஒட்டிய தெருவுக்கு வழங்குகிறது. ரெய்மனின் பெயர் விஸ்லாவின் அரங்குக்கு வழங்குகிறது. ஒருவரை மறந்து மற்றவரின் வரலாற்றை எழுதுதல் அரிது.

பெயர் பிறந்த கதை

இவ்விரு கழகங்களும் மோதும் ஆட்டத்தைக் கிராக்கோவ் மக்கள் ‘புனிதப் போர்’ என்று அழைக்கின்றனர். இப்பெயரைக் கேட்போர், கத்தோலிக்கர் நிறைந்த அந்நாட்டில் இது ஏதோ சமயச் சண்டையின் எச்சம் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. போருக்கு முன்னைய கிராக்கோவில் ஏறத்தாழக் கால் பங்கினர் யூதர்கள். அவர்களுக்கு மக்காபி, யுட்ஷென்கா என்னும் இரு கழகங்கள் இருந்தன. யுட்ஷென்கா என்பதற்கு விடிவெள்ளி என்பது பொருள். இவ்விரண்டும் மோதிய ஆட்டத்தையே யூதர்கள் நகைச்சுவையாகப் ‘புனிதப் போர்’ என்று சொல்லிவந்தனர். யுட்ஷென்காவில் ஆடிப் பின்னர்க் கிராக்கோவியாவுக்கு வந்த லுட்விக் கிந்தல் என்னும் ஆட்டக்காரர், விஸ்லாவுக்கு எதிரான ஆட்டத்திற்குப் புறப்படும்போது அச்சொல்லைத் தம் தோழர்களிடம் கூறினார் என்றும், அதுவே நிலைத்துவிட்டது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

ஆக, இன்று கடும் பகையின் முழக்கமாக ஒலிக்கும் அச்சொல், ஒரு சமூகத்தார் தமக்குள் சொல்லிச் சிரித்த விளையாட்டுச் சொல்லாகவே பிறந்தது. அதைப் படைத்த மக்களின் கதி யாது? யுட்ஷென்காவைச் சேர்ந்த யூசெப் குளோட்ஸ் என்பவரே 1922இல் சுவீடனுக்கு எதிராகப் போலந்துத் தேசியக் குழுவின் வரலாற்றிலேயே முதல் கோலைப் போட்டவர். அவர் 1941இல் வார்சா யூதச் சேரியில் உயிரிழந்தார். 1921இல் போலந்தின் முதல் அனைத்துலக ஆட்டத்தில் களமிறங்கிய கிராக்கோவியாவின் லியோன் ஸ்பெர்லிங் அதே 1941இல் லுவோவ் யூதச் சேரியில் கொல்லப்பட்டார். மக்காபியும் யுட்ஷென்காவும் போரோடு மறைந்தன. சொல் எஞ்சியது, சொன்னவர்கள் எஞ்சவில்லை.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. பிற்காலத்தில் விஸ்லா ஆதரவாளர்களுள் ஒரு சாரார் கிராக்கோவியாவினரை இழித்துரைக்க ‘யூதர்’ என்னும் சொல்லையே வசையாகப் பயன்படுத்தினர். கிராக்கோவியாவின் தீவிரக் கூட்டத்தாரோ அச்சொல்லையே தமக்குரிய பட்டமாக ஏற்றுக்கொண்டனர். வைபவரும் யூதரல்லர், வையப்படுபவரும் யூதரல்லர். நாட்டுக்கு முதல் கோலைத் தந்தவன் யூதன் என்பதை அறிந்த நாவில் அவ்வசை எளிதில் எழுமா? பகை தான் வெறுப்பது யாரை என்பதையும் அறியாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எதிராளியும் பகைவனும்

எதிராளி வேறு, பகைவன் வேறு. எதிராளி இல்லையேல் ஆட்டம் இல்லை. பகைவன் இல்லையேல் அமைதி உண்டு. எதிராளியை வெல்ல விரும்புகிறவன் அவன் நாளையும் வந்து ஆட வேண்டும் என்றே விரும்புகிறான். பகைவனை வெல்ல விரும்புகிறவன் அவன் இல்லாமலே போக வேண்டும் என்று விரும்புகிறான். ஒன்று உறவின் ஒருவகை. மற்றொன்று உறவின் முடிவு.

இவ்வேறுபாட்டைக் கிராக்கோவ் மக்கள் நூலிலிருந்து கற்கவில்லை, துன்பத்திலிருந்து கற்றனர். 1939இல் நாஜிப் படைகள் போலந்தைக் கைப்பற்றின. கிராக்கோவ் அவர்தம் ஆட்சிப் பகுதியின் தலைநகராயிற்று. போலந்து மக்களின் விளையாட்டுக் கழகங்கள் தடைசெய்யப்பட்டன. கூடி ஆடுவதும் கூடிப் பார்ப்பதும் குற்றமாயின. அந்நிலையிலும் கிராக்கோவின் கழகங்கள் மறைவாக ஆடின. நகரப் பட்டத்திற்கான போட்டிகளையும் நடத்தின. கிராக்கோவியாவும் விஸ்லாவும் அப்போதும் ஒன்றையொன்று எதிர்த்தே ஆடின. பிடிபட்டால் சிறையோ அதனினும் கொடியதோ நேரும் என அறிந்தே மக்கள் சென்று பார்த்தனர்.

அந்நாட்களில் கிராக்கோவியா ஆதரவாளனுக்கு விஸ்லா வேண்டியிருந்தது; விஸ்லா ஆதரவாளனுக்குக் கிராக்கோவியா வேண்டியிருந்தது. எதிர்த்து ஆட அவர்கள் இல்லையெனில் ஆட்டமே இல்லை. ஆட்டம் இல்லையெனில் தம் நகரம் இன்னும் தம்முடையதே என்று காட்டுதற்கு வேறு வழியும் இல்லை. உண்மைப் பகைவன் வாயிலில் நின்றபோது, எதிராளி யார் என்பது தெளிவாயிற்று. விஸ்லாவின் அந்தோனி லிகோ 1938ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கான போலந்துக் குழுவில் பெயர் பெற்றவர். அக்குழுவைத் தேர்ந்து பயிற்றியவர் கிராக்கோவியாவின் கலூஷா. லிகோ 1941இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். கலூஷா விடுதலையைக் காணாமலே 1944இல் கிராக்கோவில் மறைந்தார். இவர்களுள் ஒருவருக்காக அழுது மற்றவருக்காக அழாதிருப்பது எங்ஙனம் இயலும்?

போர் முடிந்தது. 1948இல் இரு கழகங்களும் சமப் புள்ளிகளோடு இலீக் போட்டிகளை நிறைவு செய்தன. பட்டத்தை முடிவுசெய்யத் தனி ஆட்டம் ஒன்று கிராக்கோவிலேயே நடந்தது. கிராக்கோவியா 3-1 என்ற கோல் கணக்கில் வென்றது. நாட்டின் மிகச் சிறந்த இரு குழுக்களும் ஒரே நகரத்தவை என்னும் பெருமை அன்று இரு சாராருக்கும் உரியதாயிருந்தது.

காரணம் போயும் காரியம் போகவில்லை

பகைக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிடுதல் நேர்மையாகாது. 1949இல் பொதுவுடைமை அரசு விளையாட்டுக் கழகங்களைச் சோவியத் முறைப்படி மாற்றியமைத்தது. விஸ்லா காவல்துறை, பாதுகாப்புத் துறை ஆகியவற்றின் அமைப்போடு இணைக்கப்பட்டது. மக்கள் அஞ்சிய ஒரு துறையின் நிழல் ஒரு கழகத்தின் மீது விழுந்தது. கிராக்கோவியாவோ வளமிழந்து கீழ்நிலைப் பிரிவுகளுக்கு இறங்கியது. 1984இல் முதல்நிலைப் பிரிவை விட்டு விலகிய அக்கழகம் 2004இல்தான் மீண்டும் அங்கு வந்தது. தம் கழகம் நலிந்ததற்கும் எதிர்க்கழகம் செழித்ததற்கும் ஆட்சியே காரணம் என்று கிராக்கோவியா மக்கள் குறைகூறியதில் பொருளில்லாமல் இல்லை. அதே வேளையில், விஸ்லாவை நேசித்த தொழிலாளியும் மாணவனும் அந்த இணைப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர் என்பதும் உண்மையே.

1989இல் ஆட்சி மாறியது. காவல்துறைத் தொடர்பும் அறுந்தது. காரணம் மறைந்தால் காரியமும் மறைய வேண்டும் அன்றோ? மறையவில்லை, மாறாக வளர்ந்தது. 1998இல் விஸ்லா அரங்கில் இத்தாலியின் பார்மா குழுவோடு நடந்த ஆட்டத்தில், பார்வையாளர் பகுதியிலிருந்து எறியப்பட்ட கத்தி டினோ பாஜியோ என்னும் ஆட்டக்காரரின் தலையைக் காயப்படுத்தியது. அதன் விளைவாக விஸ்லா ஐரோப்பியப் போட்டிகளில் ஓராண்டு பங்குபெற இயலாது போயிற்று. 2004ஆம் ஆண்டளவில் போலந்தின் பல நகரங்களைச் சேர்ந்த முரட்டு ஆதரவாளர் கூட்டங்கள், தம் சண்டைகளில் ஆயுதம் எடுப்பதில்லை என்று தமக்குள் உடன்பட்டன. கிராக்கோவில் அவ்வுடன்பாடு கடைப்பிடிக்கப்படவில்லை. 2011ஆம் ஆண்டு ஜனவரியில், கிராக்கோவியாவின் முரட்டுக் கூட்டத் தலைவர்களுள் ஒருவர் நகரின் குடியிருப்புப் பகுதி ஒன்றில் வெட்டுக்கத்திகள் ஏந்திய கும்பலால் கொல்லப்பட்டார்.

பகை ஒரு காரணத்தால் பிறக்கலாம், ஆனால், அது காரணத்தால் வாழ்வதில்லை, பழக்கத்தால் வாழ்கிறது. தந்தை வெறுத்தார் என்பதால் மகன் வெறுக்கிறான். தெருவார் வெறுக்கின்றனர் என்பதால் புதிதாக வந்தவனும் வெறுக்கிறான். ஏன் என்று கேட்பவன் துரோகி ஆகிறான். அந்நிலையில் பற்று தன் உருவை இழந்து, பகைக்கு அணிவிக்கப்பட்ட வண்ணச் சட்டையாக மட்டுமே எஞ்சுகிறது.

நிலைக்காத அமைதி

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மறைந்தார். அவர் கிராக்கோவின் பேராயராகப் பல்லாண்டு விளங்கியவர். கிராக்கோவியாவின் மீது அன்புடையவர் என்று நகரமே அறிந்திருந்தது. அவர் பிறந்த வாடோவிட்சே ஊரில் சிறுவர்கள் கத்தோலிக்கர், யூதர் எனப் பிரிந்து பந்தாடியபோது, யூதர் அணிக்குக் கோல் காவலர் இல்லாத வேளைகளில் அவரே சென்று நின்றார் எனவும் கூறுவர். அவர் மறைந்த சில நாட்களில் கிராக்கோவியா அரங்கில் வழிபாடு நடந்தது. இரு கழகங்களின் ஆதரவாளர்களும் அங்கே ஒன்றாக நின்றனர், கைகொடுத்தனர், கழக வண்ணம் தாங்கிய கழுத்துத் துணிகளை ஒன்றாகக் கட்டினர். இனிப் பகையில்லை என்று நாடே மகிழ்ந்தது.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. துக்கம் ஆறியதும் பழைய முழக்கங்கள் திரும்பின. அங்கு நின்றவர்கள் பொய்யாக அழுதார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. உணர்ச்சி உண்மையாகவே இருந்தது. ஆனால், உணர்ச்சி ஒரு நாளின் விருந்தாளி, பழக்கமோ வீட்டுக்குரியவன். நெடுநாள் பயின்ற வெறுப்பை ஒரு மாலையின் கண்ணீர் கழுவிவிடாது. பகையைப் பயில்வது போலவே பகையின்மையையும் நாள்தோறும் பயில வேண்டும், அதற்கு ஆசிரியர் வேண்டும், பாடம் வேண்டும்.

உட்பகை

பகையால் எதிர்க்கழகம்தான் கெடும் என்று எண்ணுவோர்க்கு விஸ்லாவின் பிற்கால வரலாறு ஒரு பாடம். 2018இல் தொலைக்காட்சிப் புலனாய்வு ஒன்று, அக்கழகத்தின் நிர்வாகத்தில் முரட்டுக் கும்பலின் செல்வாக்கு எந்த அளவுக்குப் படிந்திருந்தது என்பதை வெளிப்படுத்தியது. கழகம் கடனில் மூழ்கியிருந்தது. ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் நிலுவையில் நின்றது. நூற்றாண்டு கண்ட கழகம் அழிவின் விளிம்பில் நின்றது. அதை அந்நிலைக்குக் கொண்டுவந்தது கிராக்கோவியா அன்று. விஸ்லாவின் பெயரை உரக்க முழங்கியவர்களுள் சிலரே அதற்குக் கேடாயினர். வள்ளுவர் பகையைப் பற்றிய அதிகாரங்களை அடுத்து ‘உட்பகை’ என்று ஓர் அதிகாரம் வகுத்ததன் நுட்பம் இங்கே விளங்கும். புறத்தாரை வெறுக்கப் பயின்ற கை, ஒருநாள் தன் வீட்டுக் கூரையையே பிரிக்கத் தொடங்குகிறது.

அப்போது வந்தது மற்றொரு வகைப் பற்று. விஸ்லாவில் இளமையில் ஆடி, ஜெர்மனியில் புகழ்பெற்று, போலந்துத் தேசியக் குழுவின் தலைவராகவும் விளங்கிய யாக்குப் பிளாஸ்சிகோவ்ஸ்கி 2019இல் தம் பழைய கழகத்திற்குத் திரும்பினார். அவரும் வேறு இருவரும் சேர்ந்து 40 இலட்சம் ஸ்லாட்டி கடனாகத் தந்து கழகத்தை மூழ்காமல் காத்தனர். அவர் பெற்ற ஊதியம் மாதம் 500 ஸ்லாட்டி. அதையும் ஆதரவற்ற சிறுவர்கள் ஆட்டம் காண நுழைவுச்சீட்டு வாங்குவதற்கே அளித்தார். கழகப் பங்குகள் விற்பனைக்கு வந்தபோது, எளிய ஆதரவாளர்கள் ஒரே நாளில் 40 இலட்சம் ஸ்லாட்டி மதிப்புள்ள பங்குகளை வாங்கினர். அக்கழகம் 2022இல் இரண்டாம் நிலைப் பிரிவுக்கு இறங்கியபோதும் மக்கள் கைவிடவில்லை. 2024இல் இரண்டாம் நிலையில் இருந்துகொண்டே போலந்துக் கோப்பையை அது வென்றது. கிராக்கோவியா மக்களும் இதற்குக் குறைந்தவர்கள் அல்லர். தம் கழகம் முதல்நிலைப் பிரிவுக்கு வெளியே கழித்த இருபது ஆண்டுகளிலும் அவர்கள் அதை விட்டு நீங்கவில்லை.

அந்தப் பங்குகளை வாங்கியோர் யாரையும் வெறுத்து வாங்கவில்லை. வெறுப்பதற்கு அங்கே எதிரில் எவரும் இல்லை. இருந்தது நலிந்த கழகம் ஒன்றே. அதற்குத் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். பகையின்றிப் பற்று நிலைக்குமா என்னும் வினாவுக்கு அவர்கள் செயலே விடையாயிற்று.

பற்றை அறியும் உரைகல்

பற்றையும் பகையையும் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. எதிரில் இருப்பவன் நாளை இல்லாமற் போனால் எஞ்சுவது யாது என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். உண்மைப் பற்றாயின், நேசித்த பொருள் எஞ்சும். அதற்குச் செய்ய வேண்டிய பணியும் எஞ்சும். பகையாயின், எதுவும் எஞ்சாது. புதியதொரு பகைவனைத் தேடும் வேலை மட்டுமே எஞ்சும்.

இதற்கு மருந்து பற்றைக் குறைத்துக்கொள்வது என்று சிலர் கருதுவர். எல்லாவற்றிலும் சற்று விலகி நிற்பவனே நல்லவன் என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கை பிழையானது. பற்றில்லாதவன் எவரையும் துன்புறுத்தாதிருக்கலாம். ஆனால், நலிந்த கழகத்தைக் காக்கவும் அவன் வரமாட்டான். குறை பற்றின் மிகுதியில் இல்லை; அதன் ஆழமின்மையில் இருக்கிறது. தன் கழகத்தின் வண்ணத்தை மட்டும் அறிந்தவன் பகைமை கொள்கிறான். அதன் வரலாற்றை முழுதும் அறிந்தவனோ அவ்வரலாற்றின் ஒவ்வோர் ஏட்டிலும் எதிர்க்கழகத்தையும் காண்கிறான். ரெய்மனோடு கலூஷாவைக் காண்கிறான்; குளோட்ஸின் முதல் கோலைக் காண்கிறான்; மறைவில் ஆடிய ஆட்டத்தில் எதிரே நின்றவனின் துணிவையும் காண்கிறான். அவ்வளவையும் கண்டவனுக்கு வெல்லும் ஆவல் குறைவதில்லை. வெறுக்கும் ஆற்றல்தான் குறைகிறது.

இளைஞர்க்கு அவர்தம் ஊரையும் மொழியையும் கழகத்தையும் நேசிக்கக் கற்பிப்போர் இதனை மறத்தல் ஆகாது. நேசிக்கச் சொல்லுதல் பாதிக் கல்வியே. நேசிக்கும் பொருளின் வரலாற்றை முழுமையாகச் சொல்லுதலே மறுபாதி. அம்மறுபாதி விடுபட்டால், அவ்வெற்றிடத்தில் பகை வந்து குடியேறும்.

கிராக்கோவில் பிலோனியாப் புல்வெளி இன்றும் பசுமையாக இருக்கிறது. அதன் இரு மருங்கிலும் இரு அரங்குகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. அவற்றிடையே உள்ள தூரம் காலால் நடந்தால் சில நிமிடங்கள்தாம். மனத்தால் நடப்பதற்கு நூற்றாண்டுக்கு மேலும் போதவில்லை. ஆயினும் இடையில் சுவர் இல்லை, புல்வெளிதான் இருக்கிறது.